நாலாம் அத்தியாயத்து அம்மாள்

பூமாரி இரண்டு மாலை வாங்கி வந்திருந்தாள். ஒன்று புது வீட்டு வாசலுக்கு, இன்னொன்று பேராசிரியர் சுப்பராயனுக்கு.

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. எண்ணூரில் குடிசை எரிந்தபோது காகிதங்களும் எரிந்துபோயின. காகிதம் இல்லாதவள் பர்மாவிலிருந்து வந்தவளே இல்லை என்றது அகதிகளுக்கு வீடு ஒதுக்கும் ஆபீஸ். வியாசர்பாடியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு.

அவளுக்கிருந்த ஒரே சாட்சி பேராசிரியரின் இங்கிலீஷ் புத்தகம். அகதிகள் சட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவரே சொல்லியிருக்கிறார். நாலாம் அத்தியாயம் முழுக்கப் பூமாரியின் கதை. அதை வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் வரைக்கும் எல்லோருக்கும் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டார்.

இன்று அவளுக்காகச் சாட்சி சொல்ல, புத்தகமும் கையுமாக அந்த ஆபீசுக்குக் கசங்கின சட்டையோடு வந்திருந்தார். ஒரு வாரமாக வேலைக்காரி வரவில்லையாம். இந்த ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று, இந்த ஜனங்களின் உரிமைக்காகவே வாழ்கிறவர் வழியெல்லாம் அலுத்துக்கொண்டார்.

கிளார்க் பொன்னுரங்கம் புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இந்த புக்கு ஏற்கெனவே வந்துச்சே சார். ஆபீசர் நாலாம் அத்தியாயம் படிச்சிட்டு அழுதுட்டாரு. அன்னிக்கே வூட்டுக்கு ஆர்டர் போட்டாரு."

பேராசிரியர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பூமாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்த அம்மா நான்தான் நைனா," என்றாள்.

பொன்னுரங்கம் பக்கத்தைப் புரட்டினார். "இதுல சொக்கம்மாள்னு கீதே."

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். ஆராய்ச்சியில் நிஜப் பெயரைப் போடக்கூடாது, பாதிக்கப்பட்டவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அதனால், வீட்டில் ஓயாமல் கூப்பிடுகிற பெயர் ஒன்றைப் போட்டுவிட்டாராம். தன் சாமர்த்தியத்தை நினைத்து லேசாகச் சிரித்தும் கொண்டார்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. அந்த வீட்டுச் சாவியைச் சொக்கம்மாள் போன வாரமே கைநாட்டு வைத்து வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தானாம்.

பூமாரி இரண்டு மாலைகளையும் மேசைமேல் வைத்தாள். பாவம், குடிசை எரிந்தபோதுகூட அவள் இப்படி நின்றதில்லை.

"எந்தச் சொக்கம்மாள்?" என்றார் பேராசிரியர்.

"இனிமே வேலைக்கு வர முடியாதுன்னு உங்களாண்ட சொல்லச் சொல்லுச்சு சார்."