அசல் குழாய்

மதிப்பீட்டாளர் மண்டியிட்டு, கிராமபோன் பெட்டியின் பக்கப் பலகையை விரல் கணுவால் தட்டிக் கேட்டார்.

பழைய கிராமபோன்களில் எது அசல், எது பின்னால் சேர்த்தது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். இந்தப் பெட்டியை ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் பார்க்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆயினும் இன்று மெதுவாகவே பார்த்தார். கொண்டுவந்த மூட்டையை வாசலில், செருப்புக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்.

"தேக்கு அசல். மூலைக்கு மூலை கடைசல் தூணு, அடியில படிப்படியா விளிம்பு. அந்தக் காலத்துப் பெட்டிதான். வில்லு, சாவி, ஊசி மாட்டுற தலை எல்லாம் அசல். பாட்டு வர்ற குழாய் மட்டும் மாத்து, ஐயா."

"போன வருஷமும் இதைத்தானே சொன்ன? வேற பாட்டே தெரியாதாப்பா உனக்கு?" என்றார் பெரியவர், நாற்காலியிலிருந்து.

அந்தக் குழாயைப் பெரியவரே கடையில் வாங்கி மாட்டியிருந்தார். தாங்கியில் அது சரியாக உட்காராது. இசைத்தட்டைச் சுழலவிட்டால் பாட்டுக்குப் பதில் கரகரப்புத்தான் வரும்.

அசல் குழாய் ஆற்றுக்கு அக்கரையில், பெரியவருடைய தம்பி வீட்டில் இருந்தது.

சொத்துப் பிரித்த நாளில் பெட்டி அண்ணனுக்கு, குழாய் தம்பிக்கு என்று ஆயிற்று. பசுவின் முன்பாதியை ஒருவனும் பின்பாதியை ஒருவனும் பங்கிட்டுக்கொண்ட கதைதான். கதையில் ஒருவனுக்காவது பால் கிடைத்தது. இங்கே இருவருக்கும் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை.

தம்பியும் ஆண்டுதோறும் இதே மதிப்பீட்டாளரை அழைத்துக் குழாயைக் காட்டுவார். காட்டிவிட்டு, "இதுக்கு உண்டான பெட்டி எங்கேயாவது கண்ணுல பட்டுச்சா? கரையான் கிரையான் அரிச்சிருக்கப் போகுது" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

அண்ணனும் சளைத்தவரல்லர். போன ஆண்டு, "குழாய் விளிம்புல லேசாத் துரு" என்று மதிப்பீட்டாளர் சொல்லக் கேட்டவர், மறுநாளே யாரோ அனுப்பியதுபோல் அக்கரைக்கு ஒரு மருத்துவரை அனுப்பிவைத்தார்.

இருவரும் எதையும் விற்கப்போவதில்லை என்பது மதிப்பீட்டாளருக்கு முதல் ஆண்டே புரிந்துவிட்டது. இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவே நடந்து நடந்து அவர் கால்தான் தேய்ந்தது.

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்வி வருவதற்கு முன் அவர் அப்படித்தான் திரும்புவார்.

"ஆமா... அசல் குழாய் எங்கேயாவது கண்ணுல பட்டுச்சா? நல்லா இருக்கா?"

மதிப்பீட்டாளர் எழுந்து வாசலுக்குப் போனார். மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தார்.

பூவிதழ்போல் விரிந்த குழாய். ஒரு பொட்டுத் துரு இல்லை.

"உங்க தம்பி மக குடுத்தனுப்பினாங்க, ஐயா. அப்பாதான் தினம் துடைப்பாராம், இனிமே அங்க இதைத் துடைக்க ஆளில்லைன்னு சொன்னாங்க."

கடைக் குழாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். ஓசையே இல்லாமல் உட்கார்ந்தது. இதழ்களின் தங்கக் கோடு பெட்டியின் தங்கக் கோட்டோடு சேர்ந்தது. இப்போது எல்லாமே அசல்.



"கழட்டிடுப்பா," என்றார் பெரியவர், ஜன்னலைப் பார்த்தபடியே. "அது அவன்கிட்டேயே இருக்கட்டும். அடுத்த மழைக்கு அப்புறம் வந்து, எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."