அடுப்படிச் சுவரில் கரிக்கோடு

“இந்தக் கரிக்கோடெல்லாம் என்னவே?”

ஏட்டு சங்கரபாண்டி கதவைச் சாத்திவிட்டு அடுப்படிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலம்பட்டைச் செங்கறை படிந்த தன் விரல்களைக் குருசாமி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டான்.

“பால் கணக்கு அய்யா.”

“மாடு எங்கவே?”

மாடு இருந்தால்தானே காட்டுவதற்கு! மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பானைதான் ‘களக்’கென்று பதில் சொன்னது.

மதுவிலக்கு வந்த பிறகு சங்கரன்கோவிலில் வீட்டுக்குள்ளேயே சாராய ஊறல் போடுகிறவர்கள் பலர் உண்டு. கணக்கு வைத்துப் போடுகிறவன் குருசாமி ஒருவன்தான். ஒவ்வொரு பானைக்கும் சுவரில் ஒரு வரிசை. நாளுக்கு ஒரு கோடு, கருப்பட்டிக்கு வட்டம், வேலம்பட்டைக்குப் புள்ளி, கெட்டுப்போனால் பெருக்கல் குறி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் கரியால் கெட்டான்.

தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். மேலநீலிதநல்லூர் சம்பந்தக்காரர்கள் மானம் மரியாதை பார்க்கிறவர்கள். பெண்ணின் அப்பன் கம்பி எண்ணுகிற வீட்டில் பெண் எடுப்பார்களா?

அவன் மனைவி முத்துமாரியம்மாள் வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

“எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது தாயி” என்று ஏட்டு கையை ஆட்டினார். அந்தக் கையில் விரல் நுனியெல்லாம் செங்கறை. எவனை ரத்தம் வர அடித்துவிட்டு வருகிறாரோ என்று குருசாமி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

ஏட்டு சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளும் பென்சிலும் எடுத்தார். வாக்குமூலம்தான், வேறென்ன!

“பெருக்கல் போட்டிருக்கீரே, அது ஏன் கெட்டுச்சு?”

“பானையச் சரியாக் கழுவல அய்யா.”

“இப்ப?”

“கொதிதண்ணி விட்டுக் கழுவுதேன். வெயில்ல காயவச்சு, வேப்பம்புகை காட்டிட்டுத்தான் ஊத்துதேன்.”

“கருப்பட்டி?”

“நிறுத்துதான் போடுதேன். கண்ணளவு கிடையாது.”

“நடுவுல தெறந்து பாப்பீரா?”

“அய்யோ, மூடுனா மூடுனதுதான். ஆசைப்பட்டுத் தெறந்தா அம்புட்டும் புளிச்சுப் போவும்.”

ஏட்டின் பென்சில் சட்டென்று நின்றது. முகம் இருண்டுவிட்டது. தன் கைக்குத் தானே விலங்கு பூட்டிக்கொண்டோம் என்று குருசாமிக்குப் புரிந்தது. ஆனாலும் போலீசிடம் பொய் சொல்ல வாய் வரவில்லையே!

“ஒண்ணையும் மறைக்கல அய்யா. பொம்பளப்புள்ள கல்யாணம். இந்த ஒரு தடவை விட்டுருங்க!” என்று காலில் விழப்போனான்.

ஏட்டு அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அப்போ, தெனமும் தெறந்து பார்த்ததாலதான் எங்க வீட்டுப் பானை புளிச்சுப் போச்சாவே?”