நானூற்றுப் பன்னிரண்டு

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சல் எங்கள் மூன்றாம் மாடி அலுவலகம் வரை ஏறி வருகிறது. தாழப் பறக்கும் விமானம் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துப் போகிறது. சர்வர் தானாகவே சோதித்து அனுப்பிய அறிக்கை குண்டு மானிட்டரில் ஒரு தவறும் இல்லை என்று முழுக்கப் பச்சையாக நிற்க, நாங்கள் பைகளைத் தோளில் மாட்டிவிட்டோம். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் புரோகிராம். நாலு மணிக்குள் அது அங்கே போய்ச் சேர வேண்டும். டீம் லீடர் சூர்யநாராயணனின் விரல் மவுஸின் மேல் இருக்கிறது. மாஹிரா மட்டும் எழவில்லை. பச்சையை அவள் பார்க்கவேயில்லை. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பென்சில் முனையால் தொடுகிறாள்.

"சார், அனுப்பாதீங்க. நானூத்திப் பன்னெண்டு டெஸ்ட் பாஸ்னு காட்டுது."

"எல்லாமே பாஸ்தானேம்மா?"

"நேத்தும் அதே நம்பர்தான். காலையில நான் புதுசா மூணு டெஸ்ட் சேர்த்தேன், நானூத்திப் பதினஞ்சு வரணும். இது நேத்து ரிப்போர்ட் சார்."

பழைய கோப்புகளை அழித்துவிட்டு அவள் சோதனையை மறுபடி ஓட்டுகிறாள். டீயில் ஆடை படிகிறது. ஜன்னல் தட்டி வழியே வெயில் அவள் விரல்களில் கோடு கோடாக விழுகிறது. பச்சை மெல்ல நீண்டு நானூற்றுப் பதினான்கில் நிற்கிறது. கடைசி ஒன்று சிவப்பு: மூன்று கிலோ குழந்தைக்கு இருமடங்கு மருந்து. பக்கத்தில், அந்தப் பகுதியை எழுதியவர் பெயர். மாஹிரா.

"என் தப்புதான் சார்" என்கிறாள், குரலைத் தாழ்த்தாமல். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறாள். நாங்கள் ஒவ்வொருவராகப் பைகளை இறக்கி வைக்கிறோம்.