யாருக்கு இந்த விளம்பரம்?

“இந்த வீட்டில ஆரு பெம்பஸ் கட்டுற?”

றுஸ்தா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். சிரிப்பில் அவளுக்குக் கதையே வரவில்லை.

“இஞ்ச பாருங்க உம்மா. பெரியாக்கள் கட்டுற பெம்பஸாம்! காலையில இருந்து எதைத் திறந்தாலும் இதுதான் வருது. கேக் அடிக்கிற வீடியோக்குள்ளயும் வருது.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாச்சியாவின் கை நின்றுவிட்டது.

இரண்டு நாளாக அவளுடைய போனிலும் அதுதான். மார்க்கப் பயான் கேட்கத் திறந்தால், ஹஸ்ரத் ஸலாம் சொல்லுமுன்னே அந்த விளம்பரம் வந்து நிற்கும். ‘இருமினால் சிறுநீர் கசிகிறதா? இனிக் கவலை வேண்டாம்.’

நாச்சியாவுக்குக் கவலை கூடியதே அதைப் பார்த்த பிறகுதான்.

கனகாலமாக அவளுக்கு அந்த வருத்தம். தும்மினால் போதும், தொழுகையில் நெற்றி வைத்த ஸுஜூதில் இருந்து எழும்பினால் போதும், சொட்டுக் கசிந்து, கைகால் முகம் கழுவிச் செய்த வுழூ முறிந்துவிடும். திரும்பவும் போய் வுழூச் செய்துவிட்டு வந்து, முதலில் இருந்து தொழுவாள். பெற்ற மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. போன கிழமை மனம் பொறுக்காமல், குசினிக் கதவைச் சாத்திவிட்டு, போனில் தேடுகிற மைக்கை அமத்தி, வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குசுகுசுவென்று கேட்டாள், இதற்கு என்ன மருந்து என்று.

அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இப்போது மகளின் கையில் மினுங்குகிறது.

“அது எப்படிப் புள்ள உன்ட போனுக்கு வரும்?”

“உங்கட மருமகனிட்டக் கேளுங்க. அவருதானே கம்பனிட ஆளு.”

மருமகன் அஸ்பாக்குக்குக் கல்முனை பசாரில் ஒரு போன் கம்பனியின் கடையில் வேலை. வீட்டு றூட்டரும் அவன் கொண்டுவந்து பூட்டியதுதான். முன் ஹோலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

கலியாணம் முடித்து அவன் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நாச்சியா அவனுக்கு முன்னால் போனதில்லை. எது சொல்வதென்றாலும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான். இன்றைக்கும் அங்கேதான் போய் நின்றாள்.

“இஞ்சேருங்க, இந்தக் கூத்து எப்படி நடக்குது?” என்று றுஸ்தா கேட்டாள்.

“நாம எதைத் தேடுறம், எதைப் பார்க்கிறம் எண்டு கம்பனி பார்த்திட்டே இரிக்கும். பார்த்து விளம்பரக்காரனுக்கு வித்திடும். சிம் எடுக்கக்குள்ள எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்தினமே, அதுக்குள்ள இதுவும் கிடக்கு.”

“யா அல்லாஹ்! தோள்ல இரிக்கிற மலக்குமார் நன்மை தீமை எழுதுறது காணாதா? இவனுகளும் எழுதுறானுகளா?” நாச்சியா தனக்குள் முணுமுணுத்தாள். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டிய மருமகனிலும் கோபம் வந்தது.

“நான் இதைத் தேடல்லயே. எனக்கேன் வருது?” என்றாள் றுஸ்தா.

“ஒரே றூட்டர்தானே. வீட்டில ஒராள் தேடினாக் காணும், எல்லாருக்கும் வரும்.”

சொன்னவன் டக்கென்று நிறுத்திவிட்டான். கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

றுஸ்தா விடுவாளா?

“அப்ப ஆரோ தேடித்தான் இரிக்காங்க! நானில்ல. உம்மா, உங்கட போனைத் தாங்க பார்ப்பம். தேடினதெல்லாம் உள்ளுக்குக் கிடக்கும்.”

போன் தொழுகைப் பாயில் கிடந்தது. றுஸ்தா அதை நோக்கிப் போனாள்.

மருமகனின் காதில் விழுந்தபிறகு நாச்சியா இந்த வீட்டில் எப்படி நடமாடுவது? தான் ஆக்குகிற சோற்றை அவன் அருவருக்காமல் தின்பானா? மாவடிப்பள்ளியில் தங்கச்சி வீட்டுக்கே போய்விடலாமா?

‘யா அல்லாஹ், என்ட மானத்தை நீதான் மறைக்கோணும்.’

றுஸ்தா குனிந்து போனை எடுத்தாள்.

“அதை வை, றுஸ்தா.” ஹோலில் இருந்து சத்தம் வந்தது. “நான்தான் தேடினன்.”

“நீங்களா? ஆருக்கு?”

“ஆருக்கு? எனக்குத்தான். சொல்ல வெக்கமா இரிந்திச்சு.”

றுஸ்தா வீடு அதிரச் சிரித்தாள்.

“ஊரார்ர போனெல்லாம் திருத்துற மனிசனுக்குச் சொந்தப் பைப் ஒழுகுதாம்! இரிங்க, இப்பவே ராத்தாக்குச் சொல்றன்.”

“சொல்லிக்கோ.”

உம்மாவின் போனைப் பாயிலேயே போட்டுவிட்டு, அக்காக்காரிக்குச் சொல்லத் தன் போனைக் காதில் வைத்தபடி அவள் கிணற்றடிப் பக்கம் போனாள்.

நாச்சியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த கையோடு நெஞ்சும் கனத்தது. இந்த வயதில் இந்தப் பிள்ளைக்குமா இந்த வருத்தம்? இவனையா மனதுக்குள் ஏசினேன்?

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள்.

“மருமகன்.”

“சொல்லுங்க மாமி.”

“அவள் விளையாட்டுப் புள்ள. மனசில வைக்காதீங்க. வருத்தம் அல்லாஹ் தாறது, அதில என்ன வெக்கம்? மறைச்சு வைச்சாக் கூடும். டொக்டரிட்டக் காட்டுங்க.”

சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது.

திரைக்கு அந்தப் பக்கம் போனில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஓம் மாமி. நாளைக்குப் பின்னேரத்துக்கு இப்பதான் டொக்டரிட்ட நம்பர் எடுத்தன்.” அவன் குரல் தாழ்ந்தது. “லேடி டொக்டர்தான், பயப்படாதீங்க. நான் வெளியால ஓட்டோக்குள்ளயே இரிக்கன்.”