இரண்டு மணிப் படகு

"இந்தப் பொண்ணு இங்க வந்தாளா?"

கவுண்டர் மேல் ஒரு சின்னப் போட்டோவை வைத்தார் அந்தப் பெரியவர். நாலு நாள் தாடி, சிவந்த கண்கள். தோளில் தொங்கிய துணிப்பையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அது மேசையில் இடித்தபோது உள்ளே ஏதோ கெட்டியாக 'டக்'கென்றது.

கிளிக் அக்கா போட்டோவைத் தொடாமல் அவரையே பார்த்தாள். படகுத்துறையில் அவளுக்கு அதுதான் பெயர். துறைமுகத்தைச் சுற்றிவிட்டுக் கலங்கரை விளக்கம் வரை போய்வரும் சுற்றுலாப் படகில் யார் ஏறினாலும், வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு படம் எடுத்துவிடுவாள். திரும்பி வந்து இறங்கும்போது படம் பலகையில் தொங்கும். பிடித்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம். விற்காதது இரண்டு மாதம் கம்ப்யூட்டரில் கிடக்கும்.

"தினம் நூத்துக்கணக்குல வர்றாங்க சார். யாரை ஞாபகம் வச்சுக்கிறது?"

"போன மாசம் பதினேழாம் தேதி. ரெண்டு மணிப் படகு." ஒரு கசங்கிய டிக்கெட்டை நீட்டினார். "அவ கைப்பையில இருந்துச்சு. கூட ஒரு பையன் வந்திருப்பான். ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான்."

கைப்பையைக் குடைந்து பார்க்கிற ஆளா என்று நினைத்துக்கொண்டாள்.

"அவங்க உங்களுக்கு..."

"என் பொண்ணு."

இதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கவுண்டரில் இதே மாதிரி ஓர் அப்பா வந்து நின்றார். பாவம், பெண்ணைக் காணாமல் தவிக்கிறாரே என்று இவளும் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். அந்தப் படத்தைத் தெருத்தெருவாகக் காட்டித்தான் வீட்டை விட்டு ஓடிப்போன அந்த ஜோடியைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. நம்ம கையால்தானே கொடுத்தோம் என்கிற உறுத்தல் கிளிக் அக்காவை இன்னும் விடவில்லை.

"பார்க்கிறேன், உட்காருங்க," என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டாள்.

பெரிதாகத் தேடவே வேண்டியிருக்கவில்லை. படத்தில், காற்றில் பறக்கப் பார்த்த அந்தப் பெண்ணின் தொப்பியை அந்தப் பையன் எட்டிப் பிடிக்கிறான், அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு இவளுக்கு ஞாபகம் இருந்தது. படகிலிருந்து இறங்கியதும் பலகை முன்னால் வந்து நின்றவள், படத்தைப் பார்த்துவிட்டுக் கெஞ்சினாள்.

"அழிச்சிடாதீங்கக்கா. இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு, அடுத்த வாரம் கண்டிப்பா வந்து வாங்கிக்கிறோம்."

வரவில்லை. எங்கேயோ கண்காணாத இடத்தில் இரண்டும் குடித்தனம் நடத்துகின்றன போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"இருக்காம்மா?" பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தேடிட்டிருக்கேன்."

"இருந்தா எந்த அளவுல போட்டுக் கொடுப்பீங்க? எட்டுக்குப் பத்து வருமா?"

வீடு வீடாகக் காட்டி விசாரிக்க அவ்வளவு பெரிய படம் வேறு வேண்டுமாக்கும் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. மன்னிச்சுக்கோம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பட்டனைத் தட்டினாள். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாகத்தான். அழித்தவை போய்க் கிடக்கும் இடத்துக்கும் போய், அங்கேயும் துடைத்தெடுத்தாள். எங்க இருந்தாலும் நல்லா இரு என்று வாழ்த்தவும் செய்தாள்.

"இல்ல சார். அன்னிக்கு எடுத்தது எல்லாமே அழிஞ்சுபோச்சு."

கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று பார்த்தாள். அவரோ துணிப்பைக்குள் கையை விட்டார். கிளிக் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

வெளியே வந்தது ஒரு போட்டோ சட்டம். புத்தம்புதுசு. கண்ணாடிக்குப் பின்னால் வெறும் அட்டைதான் இருந்தது.

"எட்டுக்குப் பத்துன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்றார். "திருப்பி எடுத்துக்குவாங்களோ என்னமோ."

"இது... எதுக்கு சார்?"

"ஒரு வருஷமா முரண்டு பிடிச்சேன்மா. அன்னிக்குக் காலையிலதான் போன் பண்ணி, 'சரி, அவனையே கட்டிக்கோ'ன்னு சொன்னேன். அந்தச் சந்தோஷத்துல ரெண்டு பேரும் கடலைப் பார்க்கக் கிளம்பி வந்திருக்காங்க. திரும்பற வழியில பஸ் கவிழ்ந்து..." கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "ரெண்டு பேருமே போயிட்டாங்க. அவ படம் எங்க வீட்டுல தனியா, அவன் படம் அவங்க வீட்டுல தனியா தொங்குது. ஒண்ணா ஒரு படம் மாட்டணும்னு சம்பந்தியம்மா கேட்டாங்க."

கிளிக் அக்காவின் கை தானாகப் போய்க் கம்ப்யூட்டரைத் துழாவியது. பதினேழாம் தேதி, இரண்டு மணி. அந்தப் படம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அவங்க போன்ல இருக்குமே சார்?"

"ரெண்டு போனும் பஸ்ஸோட நொறுங்கிப்போச்சு."

"அதுக்கு முன்னாடி எடுத்தது... வீட்டுல, எங்கயாவது?"

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல நிறைய வச்சிருந்தா." பெரியவர் சட்டத்தை மெல்லப் பைக்குள் வைத்தார்.

"எல்லாத்தையும் நான்தாம்மா அழிச்சேன்."