எட்டுப் புடவை

"எறங்குடா ஜெயக்குமாரு. பெரிம்மா புடவ மாத்தணுமாம்," என்றார் தேவசகாயம் பெரிப்பா.

மறுபடியுமா! தன் ஆட்டோவின் இரண்டு பக்கப் படுதாவையும் இறக்கிவிட்டு, மாமல்லபுரம் கடற்கரை வெயிலில் வந்து நின்றான் ஜெயக்குமார். சதுரங்கப்பட்டினம் கோட்டையில் மூணு புடவை. இங்கே இது ரெண்டாவது. பையில் இன்னும் மூணு கிடந்தது.

பக்கத்து வீட்டு மேரி பெரிம்மாவுக்கு அறுபது வயசு. மகன் சாம் மஸ்கட்டுக்குப் போய் மூணு வருஷம். போன மாசம்தான் யாரிடமோ ஒரு குட்டி டிஜிட்டல் கேமரா கொடுத்தனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா போட்டோ ஒண்ணு மெயிலில் வரணுமாம். வராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காதாம்.

அதுக்காக இப்படியா?

மாம்பழக் கலர் பட்டில் இறங்கினாள் பெரிம்மா. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"இன்னா பெரிம்மா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"வந்தா உன் ஆட்டோவுலதான்டா ஊர்கோலம்."

தேவசகாயம் பெரிப்பா கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்தார்.

"தல வியுதா?" என்றாள் பெரிம்மா. "கோட்டையில கழுத்தோட வெட்டிட்டியே."

"இப்ப வெட்டமாட்டேன். பாதி அமுக்கணும். பச்சக் கட்டம் வந்தப்புறம் மீதி அமுக்கணும். கத்துகினேன்."

"சீக்கிரம் அமுக்குய்யா. சிரிச்சு சிரிச்சு கன்னம் நோவுது."

"கடல பாக்காத. இங்க பாரு. சாமு நிக்கிறான்னு நெனச்சுக்க."

பெரிம்மாவின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. பெரிப்பா அமுக்கினார்.

மறுபடி படுதா இறங்கியது. ஜெயக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது.

"எட்டுப் புடவையும் இன்னிக்கே கட்டணுமா பெரிப்பா? பவுசு காட்ட ஒரு அளவு வாணாம்?"

பெரிப்பா காதில் வாங்கவில்லை. தடித்த விரலால் ஏதேதோ பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். ஜெயக்குமார் எட்டிப் பார்த்தான்.

"ஐயே, தேதிய தப்பா வச்சுகினு கீறியே! இன்னிக்கு ஏழு. ஒரு போட்டோவுல பதினாலு, இன்னொண்ணுல இருபத்தொண்ணு, இப்ப எடுத்ததுல அடுத்த மாசம் நாலுன்னு வியுது பாரு. குடு, நான் சரி பண்றேன்."

"தொடாத!" பெரிப்பா கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். "இத மாத்தக் கத்துக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

"இன்னாத்துக்கு?"

பெரிப்பா படுதாவைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"புதன்கெழம செங்கல்பட்டுல அவளுக்கு நெஞ்சு ஆபரேசன். எப்படியும் ரெண்டு மாசம் படுக்க. தெரிஞ்சா வேலய வுட்டுட்டு ஓடியாந்துடுவான் பய. வாரம் ஒண்ணா நான் அனுப்பிகினே இருந்துடுவேன்."

காற்றில் விலகிய படுதாவின் ஓரத்தை ஜெயக்குமார் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

படுதாவுக்குள்ளிருந்து பெரிம்மாவின் குரல் வந்தது.

"இன்னாய்யா, எட்டு போதுமா? நான் இல்லாங்காட்டியும் அவன் வயிறு ரொம்பணுமே, இன்னும் நாலு புடவ எடுத்தாந்திருக்கலாமோ?"