வாட்டர்லூப் பற்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பல்செட்டில் முன்வரிசை மட்டும் உண்மையான மனிதப் பற்கள்.

"ஆரின்ரை பல்லு, பிள்ளை?" என்று நகுலேஸ்வரி மகளிடம் கேட்டாள்.

மிதுஷா பல் மருத்துவத்தில் கடைசி வருடம். லண்டன் மனோர் பார்க்கில் தெரிந்த தமிழ் வீடுகளில் எல்லாம் பிள்ளைகளை டொக்டராக்க நின்றபோது, பல்லுக்குத்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அம்மா. அதனால்தான் மிதுஷா அம்மாவை இந்தச் சின்னப் பல் மருத்துவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்திருந்தாள்.

வழிகாட்டி உற்சாகமாகக் கதையைத் தொடங்கினார். மிதுஷா அம்மாவின் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. வாட்டர்லூச் சண்டை.

நகுலேஸ்வரிக்கு வாட்டர்லூ என்றால் ரயில் ஸ்டேஷன்.

செத்துக் கிடந்த சிப்பாய்களின் வாயைத் திறந்து, குறடால் பல்லைப் பிடுங்கி விற்றார்கள். லண்டன் பணக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு இறைச்சி தின்றார்கள். இளம் பையன்களின் பல் என்பதால் நல்ல கிராக்கி.

சுற்றி நின்றவர்கள் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள்.

"தாய் சகோதரம் ஒருத்தரும் தேடேல்லையாமோ? கேள்."

மிதுஷா கூச்சத்தோடு கேட்டாள். வழிகாட்டி தோளைக் குலுக்கினார். சாதாரண சிப்பாய்கள்தானே, எந்தப் பல் எவனுடையது என்று யாருக்குத் தெரியும் என்றார். கூட்டம் அவருக்குப் பின்னால் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

நகுலேஸ்வரி நகரவில்லை.

"பல்லை மட்டும் வைச்சு ஆளை மட்டுக்கட்ட ஏலுமோ?"

"ஏலும் அம்மா. ஆனா அந்தாள் உயிரோட இருக்கேக்கை எடுத்த எக்ஸ்ரே வேணும். இல்லாட்டிப் பல்லுத் தெரியச் சிரிச்ச படம் ஒண்டு."

"அப்ப அது போதும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினாள்.

"உன்ரை மாமா. என்ரை தம்பி. தொண்ணூற்றாறிலை ஆமிக்காரர் வீட்டுக்கை வந்து பிடிச்சுக்கொண்டு போச்சினம். பிறகு ஒரு தகவலும் இல்லை. இப்ப ஊரிலை செம்மணிப் புதைகுழியிலை தோண்டத் தோண்ட எலும்பா வருது. சிரிச்ச படம் இருக்கு. அவனுக்கு எப்பவும் சிரிப்புத்தானே."

தனக்கு இப்படி ஒரு மாமா இருந்தது மிதுஷாவுக்குத் தெரியாது.

படத்தை வாங்கினாள். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன். அம்மா சொன்னது சரி. கண், கன்னம் எல்லாம் சிரிப்பு.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படத்தில் அவன் உதடுகள் பிரியவில்லை.